கடலோடியின் கைவண்ணம்

கடலைப் பாடுபொருளாகக் கொண்ட கலைகளில் அரசர்க்கு இடமுண்டு; கலத்துக்கு இடமுண்டு; கடவுளர்க்கும் இடமுண்டு. பாயைக் கட்டியவனுக்கும் நங்கூரத்தை இழுத்தவனுக்கும் அவ்விடம் எளிதில் வாய்ப்பதில்லை. கடற்படையின் மரபைப் போற்றும் ஓவியம் எது என வினவினால், போர்க்கப்பலின் பெருமிதத் தோற்றத்தைத் தீட்டியதே என்று பலரும் விடை கூறுவர். கப்பலில் பணிபுரியும் ஒருவர் தம் பணியைத் தாமே கண்டு வரைந்தது, சிறு கோட்டோவியமாயினும், அதனினும் மேலான சான்றாகும்.

கடற்கரையில் அமையாத செட்டிநாட்டில் இக்குறை நன்கு விளங்கும். பள்ளத்தூரைச் சேர்ந்த திவான் பகதூர் ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900ஆம் ஆண்டு பர்மாவின் மோல்மீன் நகரில் தம் தொழிலைத் தொடங்கினார். அவரைப் போன்ற நகரத்தார் பலர் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் கொண்டுவிற்கச் சென்றனர். அங்கு ஈட்டிய பொருளே ஊர்தோறும் வளவுகளாக எழுந்தது. பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியச் சலவைக்கற்களும் பெல்ஜியக் கண்ணாடிகளும் கப்பலேறி வந்தவை. முகப்பின் மேலே சுதையில் திருமகள் வீற்றிருக்கிறாள். சில இல்லங்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாயும் நிற்கிறான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட நினைவால்தான் இவ்வீடுகள் உயர்ந்த மேடைமீது எழுப்பப்பட்டன என்னும் செவிவழிச் செய்தியும் உண்டு. கடலைப் பற்றிய அச்சம்கூடக் கட்டடத்தில் இடம்பெற்றுவிட்டது! தேக்கைச் சுமந்த கலத்தை ஓட்டியவனின் உருவத்தையோ அங்கே தேடித்தான் காண வேண்டும்.

தேடுவோர்க்குத் துணையாக ஓர் ஓடு கிடைத்துள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்தில், வைகையின் கழிமுகத்தை ஒட்டியுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், கப்பலின் உருவம் கீறப்பட்ட பானை ஓடு ஒன்று வெளிப்பட்டது. உரோமானியக் கலத்தின் தோற்றம் அது என அறிஞர் கருதுவர். கீறியவர் மாலுமியா, துறைமுகத்தில் சரக்கு இறக்கியவரா என்பதை அவ்வோடு கூறவில்லை. ஆயினும் அது அரசவை ஓவியரின் வேலையன்று. கப்பலை அருகிருந்து நோக்கிய கண்ணின் பதிவு.

பணியிலிருந்தவரே தீட்டினார் என்று ஐயமின்றிக் கூறத்தக்க ஓவியங்கள் இங்கிலாந்தில் உள்ளன. கேப்ரியல் பிரே என்பவர் பிரித்தானியக் கடற்படையில் லெப்டினன்டாக இருந்தவர். 1774, 1775ஆம் ஆண்டுகளில் ‘பாலஸ்’ என்னும் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றபோது அவர் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள், கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றில் மாலுமி ஒருவன் தன் தூக்குப்படுக்கையைச் சுருட்டி மேல்தளத்துக்குக் கொண்டுவருகிறான். மற்றொன்றில் இருவர் நங்கூரத்தின்மேல் அமர்ந்து மீன் பிடிக்கின்றனர். பீரங்கி முழக்கமில்லை, வெற்றிக்கொடியுமில்லை. அக்காலக் கப்பல் வாழ்க்கையை அறிய விழைவோர் இன்றும் அவ்வோவியங்களையே நாடுகின்றனர். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பிரே அதிகாரி, அவர் வரைந்த மாலுமியின் கையில் தூரிகை இல்லை.

பணியிலிருப்பவரின் கலை புகழ்பாடும் கலையாகவே முடியும் என்பர் சிலர். சீருடை அணிந்தவர் தம் படையைக் குறைகூற இயலாது. ஓவியப் பயிற்சியும் அவர்க்குக் குறைவு. இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் போற்றுதலுக்குப் புகழ்மொழி ஒன்றே வழியன்று. தூக்குப்படுக்கை ஓவியத்தில் ஒரு புகழ்ச்சொல்லும் இல்லை. எனினும் மாலுமியின் பணி அதில் மதிக்கப்பட்டிருக்கிறது. கோடு சற்றே கோணினாலும் கண்டதைக் கண்டவாறு காட்டினால் போதும்.

இந்தியக் கடற்படை தன் மரபைக் காட்டத் தேர்ந்த சின்னங்களை இந்நோக்கில் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் கொச்சியில் ‘விக்ராந்த்’ கப்பல் பணியில் சேர்க்கப்பட்டபோது அறிமுகமான புதிய கொடியில், சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோண வடிவம் இடம்பெற்றது. கொடி அரசின் அடையாளம். அங்கே மன்னர் வருவது இயல்பே. 2025ஆம் ஆண்டு மே மாதம் கார்வாரில் கடற்படையில் இணைந்த ‘கௌண்டின்யா’ என்னும் தைக்கப்பட்ட மரக்கலம் வேறு வகையினது. ஐந்தாம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்றே அதற்கு மூலம். ஓவியத்தில் கலத்தின் புறத்தோற்றம் மட்டுமே உண்டு, அளவுகள் இல்லை. ஆகவே வடிவத்தை ஊகித்து அமைத்து, அதன் மாதிரியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நீரில் மிதக்கவிட்டு ஆய்ந்தனர். கேரளத் தச்சர் பாபு சங்கரனும் அவர்தம் குழுவினரும் பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்தனர். கடற்படையினர் அக்கலத்தைப் போர்பந்தரிலிருந்து 2025 டிசம்பர் 29ஆம் நாள் செலுத்தி, 2026 ஜனவரி 14ஆம் நாள் மஸ்கட் சேர்ந்தனர்.

அதன் பாயில் கண்டபேருண்டமும் கதிரவனும் விளங்குகின்றன. முகப்பில் சிம்ம யாளி. தளத்தில் அரப்பா முறையிலான கல் நங்கூரம். வெவ்வேறு காலத்துக்கும் நிலத்துக்கும் உரிய இச்சின்னங்கள் ஒரே கலத்தில் ஏறியது சற்று மிகையே. அக்கலத்தின் மெய்யான கலை பாயில் இல்லை. கயிற்றுத் தையலில் இருக்கிறது. பெயரறியா ஓவியன் சுவரில் தீட்டியதைத் தச்சர் மரமாக்கினர். மாலுமியர் அதைக் கடலில் ஓட்டிக் காட்டினர். அவர்களுள் ஒருவர், இரவுக்காவலையோ ஈரம் காயாத உடையையோ தம் கையாலேயே வரைந்து வைத்தால், பிற்காலத்தார்க்கு யாளியைவிட அது மிகுதியாகப் பயன்படும்.

செட்டிநாட்டிலும் இப்பதிவுக்கான காலம் கைநழுவிக்கொண்டிருக்கிறது. இடிக்கப்படும் வளவுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபேசப்படுகின்றன. மரத்தின் வயதைக் கேட்போர் பலர். அதை ஏற்றிவந்த கலத்தையும் கலமோட்டியையும் வினவுவோர் அரியர். சென்றவர்களை இனி வரையச் சொல்ல இயலாது. இன்று பணியில் இருப்போரிடம் கேட்கலாம். விடுமுறையில் ஊர் திரும்பும் கடற்படை வீரர் ஒருவரைப் பள்ளத்தூர்ப் பள்ளிக்கு அழைக்கட்டும். படைக்கலங்களை அவர் வரைய வேண்டா. அவை பாதுகாப்புக்கு உரியவை. கப்பலில் தாம் உறங்கும் இடத்தை மட்டும் கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதும்.