கொத்தும் முத்திரையும்

இலக்கியச் சஞ்சிகையொன்றில் அரிசி விலைக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சிலர் நமக்கு உளர். வெள்ளவத்தைக் காலி வீதியின் சைவ உணவுச்சாலையொன்றில் அமர்ந்துகொண்டே அவர்கள் இக்கேள்வியைக் கேட்பர். அதே வேளையில், விலைப்பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சோறு கேட்காது, வெறுந்தேநீரோடு எழுந்து செல்லும் தொழிலாளியை அவர்கள் காண்பதில்லை. மக்களின் வயிற்றைப் பற்றிப் பேசக் கூசும் இலக்கியத்துக்கு, அவர்களது உள்ளத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்பதே நமது மறுகேள்வி.

நண்பர்கள் விடுவதில்லை. “மலிவு அரிசி கொடுத்தே இந்த மக்களைக் கெடுத்துவிட்டார்கள், இச்சிறிய தீவின் திறைசேரி அதைத் தாங்குமா?” என்பர். இது அவர்களது சொந்தக் கருத்தன்று. எழுபது ஆண்டுகளாக ஆளுவோர் பாடிவரும் பழைய பல்லவி. அதனைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

இலங்கைக்குக் கூப்பன் அரிசி எவரது கருணையாலும் வந்ததன்று. 1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. பசித்த மக்கள் கொதித்தெழுவரென்று அஞ்சிய வெள்ளையர் ஆட்சி பங்கீட்டைத் தொடங்கிற்று. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளிக்கும் கறுவாத்தோட்டத்துக் கனவானுக்கும் ஒரே வகைக் கூப்பன் கிடைத்தது. அந்தக் கூப்பனின் உயிர் எதில் இருந்தது? அது மக்களுக்கு உறுதியளித்தது பணத்தையன்று, கொத்துக் கணக்கில் அளந்த அரிசியை. உலகச் சந்தையில் விலை ஏறினால், அந்தச் சுமை அரசின் தோளில் விழுந்தது. ஏழையின் வயிற்றில் விழவில்லை. வருமானம் குறைந்த இந்நாட்டில் மக்களின் ஆயுள் நீண்டதற்குக் கல்வி, சுகாதார சேவைகளோடு இப்பங்கீடும் ஒரு காரணமென அமர்த்தியா சென் போன்ற பொருளியலறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

கொரியப் போர்க்காலத்தில் அரிசி விலை உயர்ந்தபோது, 1952இல் சீனாவுடன் ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெற வழி காணப்பட்டது. அமெரிக்கா முகஞ்சுளித்தது, ஆயினும் மக்கள் உண்டனர். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் மறு ஆண்டிலேயே, 1953இல், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. மக்களுக்கு அஞ்சிய அமைச்சரவையோ, கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ‘நியூபவுண்ட்லாந்து’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடிற்று! இரண்டே மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

கூப்பன் காலம் பொற்காலமென்று நாம் சொல்லவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகத் தானிய விலை உயர்ந்து, பங்கீடு வெட்டப்பட்டபோது, மலையகத் தோட்டங்களில் இறப்பு வெகுவாக உயர்ந்தது. நெல் விதைக்க ஒரு முழ நிலமும் அற்றவர்கள். 1948இன் சட்டத்தால் குடியுரிமையும் இழந்தவர்கள். கொத்துக் குறைந்தால் முதலில் சாவது யார் என்பதை அந்த லயங்கள் நமக்கு உணர்த்தின.

1953இல் தோற்றவர் 1979இல் வென்றார். சனாதிபதியாகிவிட்ட அதே ஜயவர்த்தனாவின் ஆட்சி, 1978இல் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைப் பங்கீட்டிலிருந்து நீக்கிற்று. மறு ஆண்டு பங்கீட்டையே ஒழித்து, உணவு முத்திரையைக் கையில் திணித்தது. இம்முறை துப்பாக்கி தேவைப்படவில்லை. கணக்கு ஒன்றே போதுமாயிற்று. கொத்து அரிசியை அளந்தது. முத்திரை ரூபாயை மட்டுமே அளந்தது. விலைகள் ஏறின; முத்திரையில் அச்சிட்ட எண்ணோ ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் பெறுமதி பாதியாகத் தேய்ந்தது. வெட்டப்பட்டதை மக்கள் காணாதவாறு வெட்டிய தந்திரம் இது!

அதே கொள்கை உழவனையும் விட்டுவைக்கவில்லை. எழுபதுகளின் இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டுத் தலைநிமிர்ந்த யாழ்ப்பாண, வன்னி விவசாயி, 1977இல் கதவுகள் திறந்ததும் நட்டாற்றில் விடப்பட்டான். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியால் இரசாயன உரம் தடுக்கப்பட்டபோது, தீவின் உழவரனைவரும் அதே ஆற்றில் தள்ளப்பட்டனர். நவம்பரில் தடையை நீக்கினர். விளைச்சலை மீட்க இயலுமோ? 2022இல் டொலர் இன்றி உணவுக் கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கின. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஏட்டில் எழுதிய கூலி மாறவில்லை. அது வாங்கும் சோறு பாதியாயிற்று.

இனி நண்பர்களின் திறைசேரிக்கு வருவோம். இந்த அரசு 2022 ஏப்ரிலில் கடனை அடைக்க இயலாது கைவிரித்தது. கூப்பன் அரிசி ஒழிந்து அப்போது நாற்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன! நாட்டை முறித்தது ஏழையின் கொத்து அரிசியா? அன்றி, வெளிநாட்டுப் பிணைமுறிகளில் வாங்கிய கடனும், 2019இன் இறுதியில் வசதிபடைத்தோருக்கு வாரி வழங்கிய வரிச்சலுகையுமா? விடையைத் திறைசேரியே அறியும்.

2024இன் இறுதியிலும் நாட்டரிசி கடைகளிலிருந்து மறைந்தது. இறக்குமதிக்கு வழி திறக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் உழவனிடம் மலிவாகக் கொள்வதும், பஞ்ச காலத்தில் நுகர்வோனிடம் உயர்வாக விற்பதும் பெரும் ஆலைக்காரரின் கையில் இருக்கும்வரை இது ஓயாது. 2023 முதல் வழங்கப்படும் அஸ்வெசும உதவியும் ரூபாயைத்தானே அளக்கிறது? முத்திரையின் பேரப்பிள்ளை அது.

நாம் பிச்சை கேட்கவில்லை, அளவைக் கேட்கிறோம். அறுவடைக் காலத்தில் நெல் சந்தைப்படுத்தும் சபை போதிய நிதியோடு களத்தில் நின்று நியாய விலைக்கு வாங்கட்டும். கூட்டுறவுக் கடைகள் வழியே, ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ரூபாயாலன்றி எடையால் உறுதி செய்யப்பட்ட அரிசி சேரட்டும். விலையேற்றத்தின் சுமையைத் தாங்க வல்லவர்கள் தாங்கட்டும்.

எழுத்தாளருக்கும் இதில் பங்குண்டு. வரவு செலவுத் திட்டத்தின் எண்களுக்குப் பின்னே எந்த வீட்டு உலை அணைந்தது என்பதை எழுதிவைப்பது நமது கடன். 1953இல் மக்கள் வென்றது, தம் கையிலிருந்து பறிக்கப்பட்டது என்னவென்று அவர்கள் கண்ணால் கண்டதனால். காணாதவாறு பறிக்கப்படுவதைக் காணச் செய்வதே இன்று பேனாவின் வேலை.