கோபால் சொன்ன கதையை நாம் ஏன் நம்பினோம்?

துப்பறியும் படத்தின் முடிவை முன்கூட்டியே போட்டு உடைப்பவரை எங்கள் அவிநாசியில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் மன்னிக்க மாட்டார்கள். இந்த வாரம் நான் அந்தப் பாவத்தைச் செய்யப் போகிறேன். படம் ‘புதிய பறவை’. வெளிவந்தது 1964 செப்டம்பரில். 60 வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் பார்க்காதவர் யாராவது இருந்தால், முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

பக்கத்து வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தார்கள். முடிந்ததும் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், மனசார நம்புனவனை அந்தப் புள்ள இப்படி ஏமாத்திப்போட்டாளே” என்றார். கல்லூரியில் படிக்கும் பேத்தி விடவில்லை. “அவரு பொண்டாட்டியை அடிச்சதுல அவ செத்தே போயிட்டா. இதுல யாருங்க அப்பத்தா பாவம்?” என்றாள். அதன் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு முடியும் வரை இதே பேச்சுதான்.

கேள்வி நியாயமானது. நாயகனே குற்றவாளி, அவன் உயிராக நேசித்த பெண்ணே போலீஸ் என்கிற முடிவு, இரண்டரை மணி நேரம் நாம் பார்த்த கோபாலுக்குப் பொருந்துகிறதா? அல்லது நம்மைத் திடுக்கிட வைப்பதற்காகக் கடைசியில் ஒட்டுப்போட்டதா?

நம்ப முடியாத முடிவு என்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. முதலை விழுங்கிய பிள்ளை, வருஷங்கள் கழிந்த பின் சுந்தரர் பதிகம் பாட, அந்த வருஷங்களுக்கான வளர்ச்சியோடு உயிருடன் வெளியே வந்தான் என்பது அவிநாசித் தலத்தின் கதை. அதைக் கேட்கிறவர்கள் அதிசயப்படுவார்கள், ஆனால் ‘இது சுந்தரர் செய்கிற காரியமாக இல்லையே’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இறைவனைத் தோழனாக நினைத்து உரிமையோடு கேட்டு வாங்குகிறவர் அவர். நிகழ்ச்சி எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்தாலும், அது அந்த ஆளின் குணத்திலிருந்து வந்ததாக இருந்தால் மனசு ஏற்றுக்கொள்ளும். கோபாலையும் இந்தக் கணக்கில் பார்ப்போம்.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும் கோபாலும் (சிவாஜி கணேசன்) லதாவும் (சரோஜாதேவி) பழகுகிறார்கள். லதாவும் அவள் அப்பாவும் கோபாலின் ஊட்டி பங்களாவில் வந்து தங்குகிறார்கள். காதல் மலர்கிறது. ஆனால் ரயிலைக் கண்டால் கோபால் நிலைகுலைந்து போகிறார். கேட்டால், தன் முதல் மனைவி சித்ரா (சௌகார் ஜானகி) ரயிலில் விழுந்து செத்துப்போனாள் என்கிறார். லதாவோடு கல்யாணம் நிச்சயமாகும் நேரத்தில் அந்தச் சித்ராவே உயிரோடு வந்து நிற்கிறாள்! கோபால் என்னென்னவோ ஆதாரம் காட்டியும் யாரும் நம்புவதில்லை. கடைசியில் தாங்க முடியாமல் உண்மையைக் கக்குகிறார். சித்ரா தற்கொலை செய்துகொள்ளவில்லை. தான் அறைந்ததில், இதயம் பலவீனமான அவள் அந்த இடத்திலேயே இறந்துவிட்டாள். உடலைத் தண்டவாளத்தில் போட்டதும் தானேதான். அவர் சொல்லி முடித்ததும், சுற்றி நின்ற ‘சித்ரா’, அவளுடைய மாமா, லதா, லதாவின் அப்பா எல்லோரும் உண்மையை வாங்குவதற்காக வேஷம் கட்டியவர்கள் என்று தெரிகிறது.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்கள் பீஸின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து அனுப்ப மாட்டார்கள். உள்பக்கம் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு தெரிந்த பிறகு இந்தப் படத்தையும் அப்படித் திருப்பிப் பார்க்கலாம். தையல் எங்கேயும் விடவில்லை என்றுதான் சொல்வேன்.

ரயில் பயம் முதலிலேயே வந்துவிடுகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ‘இவள் சித்ரா இல்லை’ என்று சொல்லும்போது கோபாலுக்குத் துளிகூடச் சந்தேகம் வருவதில்லை. ரயிலில் அடிபட்ட உடல் என்றால், ‘ஒருவேளை அது வேறு யாராவதாக இருந்திருக்குமோ, இவள் பிழைத்திருப்பாளோ’ என்று எந்தக் கணவனுக்கும் ஒரு நிமிஷம் மனசு தடுமாறும். இவருக்குத் தடுமாறவில்லை. தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டவருக்குத்தானே அவ்வளவு உறுதி இருக்கும்? குற்றமற்றவனின் கோபம் என்று நாம் நினைத்தது, குற்றம் தெரிந்தவனின் நிச்சயம். ஆக, முடிவு கோபாலுக்கு அளவெடுத்துத் தைத்ததுதான்.

இந்தக் கதைக்கு மூலம் 1958-ல் வந்த ‘சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ’ என்ற ஆங்கிலப் படம். அதில் செத்துப்போன சகோதரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் வருகிறான். 1963-ல் உத்தம் குமார், ஷர்மிளா தாகூர் நடித்த ‘சேஷ் அங்க’ என்ற வங்காளப் படமாகி, அங்கிருந்து தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்தில் சகோதரன் இருந்த இடத்தில் தமிழில் மனைவி இருக்கிறாள். இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. நம் வீடுகளில் நடக்கிற விஷயம் படத்துக்குள் வந்துவிட்டது.

இங்கேதான் பேத்தியின் கேள்வி குத்துகிறது. சித்ரா குடிக்கிறாள், குடும்பத்தை மதிப்பதில்லை, அவளால் வந்த அவமானத்தில் மாமனார் செத்துப்போகிறார். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கோபால் சொல்லித்தான் தெரியும். உயிரோடு இருந்த சித்ராவை நாம் அவர் நினைவில் மட்டும்தான் பார்க்கிறோம். அவள் எப்படிச் செத்தாள் என்பதில் அவர் ஒருமுறை பொய் சொன்னவர். அப்படியிருக்க, எப்படி வாழ்ந்தாள் என்பதை மட்டும் ஏன் அப்படியே நம்பினோம்?

பத்து வருஷம் முன்னால், 1954-ல், எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இதைச் சொல்லிக்கொடுத்த படம். செத்துப்போன ராஜன் யார், கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். அதனால் நாமும் யாரையும் முழுசாக நம்பாமல் உஷாராக இருப்போம். ‘புதிய பறவை’யில் கதை சொல்பவர் ஒருவர்தான். அதுவும் சிவாஜி. அந்தக் கண்ணில் நீர் வந்தால் நமக்கும் வந்துவிடும். நம்பாமல் எப்படி?

கோபால் கொடூரமானவர் என்று நான் சொல்லவில்லை. கொல்ல நினைத்து அடிக்கவில்லை. ஆனால் அறைந்ததோடு குற்றம் முடிந்துவிடவும் இல்லை. டாக்டரையும் போலீசையும் கூப்பிடாமல், குடும்ப கௌரவத்தை நினைத்து ஒரு பெண்ணின் உடலைத் தண்டவாளத்தில் போட்டார். ‘தானாகப் போய் விழுந்தாள்’ என்ற பழியையும் அவள் மேலேயே போட்டார். ‘ஒரே ஒரு அறைதானே’ என்று நாம் நினைப்பதும், ‘அவ அப்படி நடந்தா யாருக்குத்தான் கோபம் வராது’ என்று பேசுவதும் படத்தோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோமே, அங்கேயும் இதே நியாயம்தான் வேலை செய்கிறது.

லதாவுக்கு இந்த முடிவு பொருந்துகிறதா என்றால், முக்கால்வாசி என்பேன். நடிப்பாகத் தொடங்கிய காதல் மெய்யாகிவிட்டது என்கிறாள். அதை நம்புகிறேன். ஆனால் கடமைக்கும் காதலுக்கும் நடுவில் அவள் தூங்காத ராத்திரிகளைப் படம் நமக்குக் காட்டவில்லை. காட்டினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். மர்மத்தைக் காப்பாற்ற லதாவின் மனசை மறைத்துவிட்டார்கள். பாட்டிக்கு அவள் ஏமாற்றுக்காரியாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். ‘கோபால்’ என்று அவள் நீட்டிக் கூப்பிடுவதை மிமிக்ரி மேடைகளில் கேட்டுச் சிரித்திருப்போம். முடிவு தெரிந்து மறுபடி கேட்டுப் பாருங்கள். அதில் எத்தனை கூப்பிடல் போலீஸ், எத்தனை காதலி என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை.

அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அடுத்த தடவை போகும்போது வண்டியில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். கோபாலுக்காக அழுவதில் தப்பில்லை, நானும் அழுதவன்தான். கூடவே, தன் கதையைத் தானே சொல்ல முடியாமல் போன சித்ராவுக்காகவும் ஒரு நிமிஷம் பேசுங்கள். படத்தில் அவளுக்காகப் பேச ஒரு போலீஸ் படையே வேஷம் போட வேண்டியிருந்தது.