படம் பேசினால் போதுமா?

படக்கதை என்றாலே முகம் சுளிப்பார் நம்மிடையே உளர். காப்பியத்தைக் கட்டம் கட்டமாக வெட்டிப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது இலக்கியத்துக்கு இழைக்கும் தீங்கு என்பது அவர்தம் கட்சி. கதையாவது போய்ச் சேருகிறதே, மொழி எதுவாயின் என்ன என்று அமைதி கொள்வாரும் உளர். இவ்விரு சாராரையும் நாம் மறுக்கின்றோம். முன்னவர் வடிவத்தைப் பழிக்கின்றனர். பின்னவர் மொழியைக் கைவிடுகின்றனர். இரண்டனுள் பின்னதே பெரும்பிழை.

வடிவம் மாறுவதால் காப்பியம் கெடுவதில்லை. ஏட்டுச் சுவடியில் இருந்த சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892-இல் அச்சேற்றினார். 1942-இல் 'கண்ணகி' திரைப்படமாயிற்று. இளங்கோவன் உரையாடல் எழுதினார். 1964-இல் 'பூம்புகார்' வந்தது, கலைஞர் மு. கருணாநிதி எழுதினார். திரைக்கு வந்தபோதும் கண்ணகிக்குரிய தமிழை அவர்கள் தேடிக் கொடுத்தனர். படக்கதைக்கு மட்டும் அந்த அக்கறை வேண்டாவோ?

அந்நாளைய பம்பாயில் 1967-இல் அனந்த் பை தொடங்கிய 'அமர் சித்திரக் கதை' வரிசை, தாயகம் விட்டு வந்த நம்போன்றோர் இல்லங்களிலும் புராணங்களையும் காப்பியங்களையும் கொண்டு சேர்த்தது. அத்தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கண்ணகியின் கதையும் அவ்வரிசையில் உண்டு. ஆனால் அந்நூல்கள் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுப் பின்னரே பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்பெற்றவை. தமிழில் பிறந்த கதை, ஆங்கிலத்தில் குடியிருந்துவிட்டுத் தமிழ்ப் பிள்ளையைத் தேடி வரும் முறை இது. இம்முறையால் விளையும் இழப்பு யாது? வழக்குரை காதையையே சான்றாகக் கொள்வோம்.

நீ யார் என்று பாண்டியன் வினவுகிறான். கண்ணகி உடனே தன் பெயரைச் சொல்லவில்லை. புறாவின் துயர் தீர்த்த மன்னனையும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனையும் முதலில் சொல்கிறாள். அவர்கள் ஆண்ட புகார் தன் ஊர் என்கிறாள். பின்னர்க் கணவனையும் அவன் கொலையுண்டதையும் சொல்லி, ஈற்றிலேயே தன் பெயரை வைக்கிறாள். ஆராயாது கொன்ற அரசன் முன், ஆராய்ந்து நீதி செய்த அரசரை முதலில் நிறுத்துகிறாள். சொல்லின் வரிசையே இங்கு வழக்காகிறது. அடைமொழிகளை அடுக்கிப் பெயரை இறுதியில் வைப்பது தமிழ்த் தொடருக்கு இயல்பு. ஆங்கிலத் தொடரோ பெயரை முன்னே இழுக்கும். அதனைத் திரும்பத் தமிழாக்கினால், "நான் கண்ணகி, புகாரிலிருந்து வருகிறேன்" என்று முடிந்துவிடும். வழக்கு எங்கே? வருகைப் பதிவேடு அன்றோ எஞ்சுகிறது!

முன்னிலைச் சொல்லும் அத்தகையதே. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என மூன்று. ஆங்கிலத்தை மட்டும் கண்முன் கொண்டு பெயர்ப்பவர் 'நீங்கள்' என்று எழுதினால், நீதி கேட்டு வந்தவள் சலுகை வேண்டி மனுவோடு மேசை முன் நிற்பவள் ஆகிவிடுவாள். கோப்புகளோடு நாள்தோறும் மல்லாடும் நமக்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

படத்தின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைந்த சிலம்பிலிருந்து செந்நிற மணி தெறிப்பதை ஓவியன் ஒரே கட்டத்தில் காட்டிவிடுவான். உரையாசிரியர்க்குப் பல வரி வேண்டும். ஆனால் கானல்வரியில் அவன் என் செய்வான்? கடற்கரை, யாழ், இருவர்: வரையக்கூடியது அவ்வளவே. கோவலன் பாடலை மாதவி ஐயுற்றதும், அவள் பாடலால் அவன் பிரிந்ததும் சொல்லில் நிகழ்ந்தவை. அங்குத் தமிழ் இல்லையேல் கதையே இல்லை.

எளிய பிள்ளைகளுக்கு இவ்வளவு தமிழ் தாங்குமா என்பர். 1941-இல் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையோடு அமெரிக்காவில் ஒரு படக்கதை வரிசை தொடங்கியது. 1950-இல் அவ்வரிசையில் வந்த 'ஜூலியஸ் சீசர்', சேக்சுபியரின் சொந்த வரிகளையே சுருக்கிப் பாத்திரங்களைப் பேச வைத்தது. மூலநூலையும் படியுங்கள் என்று நூலின் இறுதியில் தூண்டுவதும் அவ்வரிசையின் வழக்கம். விற்பனைக்கே வந்த நூல்களுக்கு அத்துணிவு இருந்ததெனில், தமிழை வளர்க்கச் சங்கம் கண்ட நமக்கு இருத்தலாகாதா?

ஆதலின் நாம் வேண்டுவன இவை. சங்க நூலகத்தில் படக்கதைக்கும் ஓர் அலமாரி ஒதுக்குக. தமிழ்க் காப்பியக் கதைகளைத் தமிழ் மூலத்திலிருந்தே எழுதுக என்று பதிப்பாளர்க்குச் சங்கங்கள் ஒன்றுகூடி எழுதுக. ஒவ்வொரு நூலின் இறுதியிலும் மூலப்பாடல் ஒன்றேனும் எளிய உரையோடு அச்சிடப்பெறுக. வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்தறியாது வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அதனை வாய்விட்டுப் படித்துக் காட்டுக. கண்ணகியின் முகத்தை நம் பிள்ளைகள் அறிவர். அவள் குரலையும் அவர்கள் கேட்டாக வேண்டும்.