சிறு வளையக் கேக்கு

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய பகுதிகளின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இன்று வாழ்வோர் இருவர் அல்லது மூவரே. எம் இல்லத்திலும் அன்னையாரும் யானுமே உள்ளோம். எமது கேக்கு அச்சோ பாட்டியார் காலத்தது; பதின்மர்க்குப் போதுமானது. சென்ற கிறிஸ்து பிறப்புப் பெருநாளில் அதிற் சுட்ட கேக்கிற் பாதி உண்பாரின்றி உலர்ந்துபோயிற்று. "இனி வீட்டிற் சுடுதல் வீண், கடையில் வாங்கிக்கொள்வோம்" என்றார் அன்னையார். அம்முடிவு தகாது என்பதே என் துணிபு. குறைக்க வேண்டியது அச்சின் அளவேயன்றி, சுடும் வழக்கமன்று.

நடுவே குழலுடைய வளைய அச்சு ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மானிய மொழி வழங்கும் நாடுகளில், நெடுங்காலமாக உள்ளது. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து யூத மகளிர் சிலர், அத்தகைய அச்சொன்று செய்து தருமாறு டேவிட் டால்க்விஸ்டு என்பாரை வேண்டினர். அவர் அலுமினியத்தில் வார்த்தளித்த 'பண்ட்' அச்சு பின்னர் உலகெங்கும் பரவிற்று. நடுக்குழல் வெறும் அழகிற்கன்று. வெப்பம் உள்ளும் புறமும் ஒருங்கே பாய்தலால், கனத்த மாவும் நடுவில் வேகாது நில்லாமற் சீராக வேகும்.

பெரிய அச்சு 12 கோப்பை கொள்ளும். 6 கோப்பை கொள்ளும் சிற்றச்சும் உண்டு. ஆகவே பண்டங்களைச் சரிபாதியாக்கினாற் போதும். 4 முட்டைக்கு 2 முட்டை. வேகும் நேரம் மட்டும் பாதியாகாது. பெரியது ஒரு மணி நேரம் வேகுமாயின், சிறியதை 35 நிமிடம் கடந்ததும் ஈர்க்குச்சியாற் குத்திப் பார்த்தல் வேண்டும். அச்சின் மடிப்புதோறும் வெண்ணெய் தடவி மாவு தூவுதலும், இறக்கியபின் 10 நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்த்தலும் மறவற்க.

நிற்க. "கேக்குச் சிறுத்தால் மனமும் சிறுக்காதோ? தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிய அயலார்க்கு யாது அனுப்புவது?" என வினவுவார் உளர். நல்வினாவே. பழைய அளவையே கலந்து இரு சிற்றச்சுகளில் வார்ப்பின், ஒன்று வீட்டிற்கு, மற்றொன்று அயலார்க்கு. வெட்டி எஞ்சிய துண்டினும் முழு வளையமன்றோ மதிப்புடைய கொடை! மேலும், எம் எதிர்வீட்டு அம்மையார் முட்டை உண்ணார். ஆண்டுதோறும் எம் தட்டை முகமலர்ந்து பெற்று, வேலைக்காரப் பெண்ணிடம் அளித்துவிடுவார். பெரிய அச்சொன்றால் இக்குறையைத் தீர்க்க இயலாது. இரண்டு சிறியவை இருப்பின், ஒன்றை முட்டையின்றித் தயிரும் சமையற் சோடாவும் சேர்த்துச் சுடலாம்.

பகுத்துண்டலைப் பாடமாகப் பயிலும் யாம், பெறுவார் உண்ணத்தக்கதை ஈதலே ஈகை என்பதை அடுக்களையிலும் உணர்தல் வேண்டும். அன்னையார் இசைந்துவிட்டார். வரும் டிசம்பரில் எம் வீட்டில் இரு வளையங்கள் வேகும். அவற்றுள் ஒன்றையேனும் எதிர்வீட்டு அம்மையார் தாமே உண்பார்.