கணினிக்குப் பின்னால் நின்ற பெண்

குழந்தைகள் கையில் இணையத்தோடு ஒரு கணினியைக் கொடுத்துவிட்டால் போதும், கேள்வியை அவர்களே எழுப்பி விடையையும் அவர்களே கண்டுகொள்வார்கள், ஆசிரியர் ஒதுங்கி நிற்பதே நல்லது என்கிறார்கள். ஸ்மார்ட் வகுப்பறை பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வாதமும் கூடவே வந்துவிடுகிறது. பிள்ளைகள் தாமே தேடிக் கற்பதை மனமார விரும்புகிறவன் நான். அதனாலேயே இதை மறுக்கிறேன்.

முதல் சாட்சியாக இப்படி வாதிடுகிறவர்கள் நிறுத்துவது கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் ‘சுவரில் ஒரு துளை’ சோதனையை. 1999இல் டெல்லி கால்காஜியில் அலுவலகச் சுவரில் துளையிட்டு ஒரு கணினியை வைத்தார். பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே அதை இயக்கப் பழகினார்கள். அது உண்மை. ஆனால் கருவியை இயக்கப் பழகுவது வேறு, பாடத்தைக் கற்பது வேறு. டெல்லியில் இதே திட்டத்தின் ஒரு மையத்தைப் பார்த்த ஆய்வாளர் மார்க் வார்ஷவர், பிள்ளைகளின் நேரம் பெரும்பாலும் விளையாட்டிலும் படம் வரைவதிலும் போனதாக எழுதினார். அல்மோரா பகுதியில் இதே திட்டத்தின் இரு மையங்களை ஆராய்ந்த பாயல் அரோரா, அவை செயலற்றுக் கிடந்ததைப் பதிவு செய்தார்.

இரண்டாவது சாட்சி நம் பிள்ளைகள். சுனாமி தாக்கிய காளிக்குப்பம் கிராமத்தில், தமிழ் பேசும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடங்களைக் கணினியில் கொடுத்துவிட்டுப் போனார் மித்ரா. சில மாதங்களில் மிகக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு வந்தார்கள். அதற்கு மேல் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண், கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். உயிரியல் தெரியாது. பாட்டிமார் செய்வதுபோலப் பின்னால் நின்று, இது என்ன, எப்படிக் கண்டுபிடித்தாய், இன்னும் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மதிப்பெண் 50ஐத் தொட்டது. கணினியை மாற்றவில்லை, பாடத்தை மாற்றவில்லை. கூடுதலாக வந்தது ஒரு மனுஷி. 2010இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, தானாக நிகழும் கற்றலின் எல்லைகளைப் பற்றியது. மேடையில் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

டெல்லித் தனியார் பள்ளியில் தகுதி பெற்ற ஆசிரியரிடம் படித்தவர்களும் அதே மதிப்பெண்தானே எடுத்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே பாடத்தில் மாதக்கணக்கில் மூழ்கியிருந்தவர்களையும், பல பாடங்களுக்கு நடுவே அதையும் ஒன்றாகப் படித்தவர்களையும் ஒரே தராசில் வைத்து ஆசிரியர் வேண்டாம் என்ற முடிவுக்கு வர முடியாது.

விடையெல்லாம் இணையத்தில் இருக்கிறது என்பது அடுத்த வாதம். எல்லாரும் அறிந்த மெழுகுவத்திச் சோதனையை எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் மேலேறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது என்று பிள்ளைகள் சொல்வார்கள். தேடிப் பார்த்தால் இணையத்திலும் பல இடங்களில் அதே விடைதான் கிடைக்கும். அத்தோடு தேடல் முடிந்துவிடும். நல்ல ஆசிரியர் அங்கே விட மாட்டார். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் எரியும்போதே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டுமே, அணைந்த பிறகு ஏன் சட்டென்று ஏறுகிறது என்று கேட்பார். மூன்று மெழுகுவத்தி வைத்துப் பாருங்கள் என்பார். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே? அப்போதுதான் சூடேறி விரிந்த காற்று பிறகு குளிர்ந்து சுருங்குவதை நோக்கிப் பிள்ளைகளின் யோசனை திரும்பும். செல்போனில் படம் பிடித்து, அணையும் நொடியை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். கருவி உதவும் இடம் அதுதான். எந்த நொடியைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆசிரியர் வேண்டும்.

கருவியைக் கொடுத்தாலே கற்றல் உயரும் என்பதற்குப் பெரு நாடு பதில் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கான மடிக்கணினிகளை வழங்கினார்கள். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை.

அப்படியானால் பழையபடி கரும்பலகையில் எழுதிப்போட்டுக் காப்பியடிக்கச் சொல்வதா? கூடவே கூடாது. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பின் இயங்கிய மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிக் கற்றல் மையங்களில் நாலரை மாதத்திலேயே கணக்கும் இந்தியும் நன்றாக உயர்ந்தன. அங்கே பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவோடு உட்கார்ந்து சொல்லித்தரும் ஓர் ஆள்.

பள்ளி நிர்வாகிகளே, பெற்றோரே, அடுத்த ஸ்மார்ட் போர்டுக்குக் கையெழுத்துப் போடுமுன் உங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள்.