குளங்களுக்கு நாம் செய்தது

அவிநாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். கொங்கு நாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழில் ஒன்று. முதலை விழுங்கிய சிறுவனைச் சில ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட ஊர். சித்திரைத் தேர் என்றால் வெளியூரில் இருப்பவர்களும் வடம் பிடிக்க ஓடி வந்துவிடுகிறோம். சாமிக்கு நாம் குறை வைத்ததில்லை. ஊருக்குத்தான் வைத்துவிட்டோம்.

இது குளத்தை நம்பிப் பிழைத்த ஊர். மழை குறைந்த மேட்டு நிலம். பள்ளத்தில், அதாவது ஓடையில், வருகிற மழைத்தண்ணீரைக் குளத்தில் தேக்கினார்கள். அது ஊறிக் கிணற்றுக்கு வந்தது. இறைத்துப் பருத்தியும் சோளமும் விளைவித்தார்கள். அவிநாசி, திருமுருகன்பூண்டி வழியாகப் போகும் நல்லாறும் மழையை நம்பிய ஆறுதான்.

1978-ல் வெள்ளை டி-சர்ட் கேட்டு இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி திருப்பூர் வந்ததை ஏற்றுமதிக்குப் பிள்ளையார் சுழியாகச் சொல்வோம். அதன் பிறகு பனியன் கம்பெனிகள் பெருகின. நம் வீடுகளில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் அதே காலத்தில்தான் பள்ளங்களை மேடாக்கிச் சைட் போட்டு விற்றோம், நாமே வாங்கினோம். வீட்டுச் சாக்கடையை நல்லாற்றில் விட்டோம். இன்று பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது. கரையோர வேலிக்கருவை முள்ளில் கட்டிங் வேஸ்ட் துணி நாடா நாடாவாகத் தொங்குகிறது.

சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டபோதும் நாம் இப்படித்தான் இருந்தோம். கீழ்ப்பகுதி விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதுவரை வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு மட்டும் வாய் திறந்தோம். அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டு, உண்ணாவிரதம் இருந்து, 2024 ஆகஸ்டில் பெற்றோம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுவரும் திட்டம். பவானியில் உபரி இல்லாத வருஷம் என்ன செய்யப் போகிறோம்? மழை காசில்லாமல் கொண்டுவந்து கொடுத்த தண்ணீருக்கு வழியை அடைத்து வைத்திருக்கிறோமே!

நல்லாற்றுத் தண்ணீர் சேரும் நஞ்சராயன் குளம் 2024-ல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்று ராம்சார் தலமானது. வலசைப் பறவைகள் அங்கே இறங்குகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குளம் உயிரோடு இருக்கும் என்பதற்கு அது சாட்சி. மற்றவற்றையும் மீட்கலாம்.

எந்தப் பள்ளம் எங்கே ஓடியது என்று பழைய சர்வே வரைபடத்தில் இருக்கிறது. வடம் பிடிக்கக் கூடுகிறவர்களில் கொஞ்சம் பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் நடந்தால் போதும். குறுக்கே நிற்கிற சுவர் பங்காளியுடையதாக இருக்கலாம், நம்முடையதாகவே இருக்கலாம். அதை இடிக்கச் சம்மதிப்பதுதான் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை.