கோட்டைத் தாண்டிய பரோட்டா!

செமஸ்டர் லீவுக்கு எங்கே போகலாம்னு மண்டையைக் குடையுறீங்களா? வயித்தைக் காலியா வெச்சுக்கிட்டு, சேரன்மகாதேவி ஸ்டேஷன்ல செங்கோட்டை ரயிலைப் பிடிங்க. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம், தென்காசின்னு ஜன்னல் முழுக்க வயலும் மலையும்தான். சுமார் 60 கிலோமீட்டர் போய் செங்கோட்டையில இறங்கினா, பக்கத்துலயே பிரானூர். குற்றாலத்துல குளிச்சுட்டு வர்ற கூட்டம் மொத்தமும் படையெடுக்கிற ‘பார்டர் பரோட்டா’ அங்கேதான்!

‘கேரள எல்லை புளியரை தாண்டி மலைப்பக்கம்ல இருக்கு, இங்கே ஏது பார்டர்?’னு கேக்குறீங்களா? நல்ல கேள்வி! 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்தது. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைத் திருத்திப் பிரிச்சப்போ நம்ம பக்கம் வந்து சேர்ந்தது. எல்லைக்கோடு மலைக்கு நகர்ந்துடுச்சு. ‘பார்டர்’ங்கிற பேரு மட்டும் பிரானூர்லயே தங்கிடுச்சு. 2019-ல தென்காசி தனி மாவட்டம் ஆனப்போ, சேரன்மகாதேவிக்கும் பிரானூருக்கும் நடுவுல இன்னொரு கோடு விழுந்தது. பரோட்டா எதையுமே கண்டுக்கல!

சரி, மேட்டருக்கு வருவோம். பார்டர் பரோட்டா சின்னதா, மெத்துன்னு இருக்கும். இலையில பிச்சுப் போட்டு, சால்னாவை ஊத்தி நல்லா ஊறவிட்டு, நாட்டுக்கோழியோட ஒரு பிடி பிடிக்கணும். அப்படியே விருதுநகர் போனீங்கன்னா கதையே வேற. அங்கே கல்லுல எண்ணெயைத் தேக்கி, அதுக்குள்ளேயே பொரிச்சு எடுப்பாங்க. மேலே மொறுமொறு!

ரெண்டுக்கும் அதே மைதாதான். பிசையும்போது மைதாவுல இருக்கிற குளூட்டன் ரப்பர் மாதிரி இறுகும், ஊறவெச்சா தளரும். அப்போதான் கிழியாம வீச முடியும். வீசி, மடிச்சு, சுருட்டும்போது நடுவுல எண்ணெய் நிக்கிறதால அடுக்கு ஒட்டாது. கடைசிக் கட்டத்துல சூட்டையும் எண்ணெயையும் மாத்தினா ஊரே மாறிடுது! கனடாவுல மான்ட்ரியல்காரங்க வளையம் மாதிரி ‘பேகல்’னு ஒரு ரொட்டி பண்றாங்க. தேன் கலந்த வெந்நீர்ல வேகவெச்சு, விறகு அடுப்புல சுடுவாங்க. நியூயார்க் பேகல் அதைவிடப் பெருசு, மெத்து. எது ஒசத்தின்னு அங்கேயும் சண்டைதான்!

இந்த மாதிரி சண்டை எவ்வளவு வேணா போடலாம், ஜாலி. ஆனா, சாப்பாட்டை வெச்சு சீரியஸான சண்டை ஒண்ணு நடந்திருக்கு. அதுவும் நீங்க ரயில் ஏறின சேரன்மகாதேவியிலயே! 1920-கள்ல வ.வே.சு.ஐயர் அங்கே தமிழ்க் குருகுலம் நடத்தினார். பிராமண மாணவர்கள் சிலருக்கு மட்டும் தனியா சாப்பாடு போடுற விஷயம் வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்ப, தமிழ்நாட்டுக் காங்கிரஸே ரெண்டுபட்டது. பசங்க ஒரே பந்தியில உக்காரணும்... கேட்டது அவ்வளவுதான்!

பார்டர் கடை பெஞ்ச்ல கூட்ட நேரத்துல இடம் கிடைச்சாலே பெருசு. இடது பக்கம் லாரி டிரைவர், வலது பக்கம் டூரிஸ்ட் குடும்பம், நடுவுல நீங்க. “அண்ணாச்சி, இன்னும் ஒரு செட்!” அவ்வளவுதான் பேச்சு.

இப்போ உங்க ஹாஸ்டல் மெஸ்ஸைக் கொஞ்சம் கவனிங்க. யாரு யாரோட உக்காருறாங்க? ஊர் பார்த்து, கையில கட்டின கயிறோட கலர் பார்த்து டேபிள் பிரிஞ்சிருக்கா? நூறு வருஷத்துக்கு முன்னாடி போட்ட சண்டை இன்னும் முடியலைன்னு அர்த்தம். பெரிய புரட்சி எல்லாம் வேணாம். நாளைக்கு ராத்திரி உங்க தட்டை எடுத்துக்கிட்டு பக்கத்து டேபிள்ல போய் உக்காருங்க. பேச்சை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலையா?

“மச்சி, விருதுநகரா, பார்டரா?”னு கேளுங்க. தானா பத்திக்கும்!